டிக்கெட்டில் மூன்றரை மணி, ஆகாயத்தில் ஆறு மணி



ஒரு றமழானில் என் மூத்த ராத்தா உம்ராவுக்குப் புறப்பட்டார். டிக்கெட்டைப் புரட்டிப் பார்த்த நான், "பகல் இரண்டுக்கு ஏறினால் ஐந்தரைக்கு ஜித்தா. மூன்றரை மணித்தியாலம்தானே, நோன்போடேயே போகலாம்" என்று தைரியம் சொல்லி அனுப்பினேன். ராத்தாவுக்குச் சீனி வியாதி வேறு.

ஆறு மணியாயிற்று, கோல் இல்லை. நாங்கள் நோன்பு திறந்து, மஃரிப் தொழுது, இஷாவும் ஆனது. ஒன்பதரைக்குத்தான் பேசினார். "இப்பதான் நோம்பு துறந்தேன். கையெல்லாம் நடுங்குது" என்றார்.

பிழை என்னுடையது. டிக்கெட்டில் புறப்படும் நேரம் இலங்கை நேரம். இறங்கும் நேரம் சவூதி நேரம். சவூதி நம்மை விட இரண்டரை மணித்தியாலம் பின்தங்கியது. அங்கே ஐந்தரை என்றால் இங்கே இரவு எட்டு. அப்படியானால் பயணம் ஆறு மணித்தியாலம்! கட்டுநாயக்கவிலிருந்து ஜித்தாவுக்கு நேராக அளந்தால் ஏறத்தாழ 4,650 கிலோமீற்றர். மணிக்கு 850, 900 கிலோமீற்றர் வேகத்தில் பறந்தாலும், ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்தால் ஆறு மணித்தியாலம் அளவில் ஆகிவிடும். காற்றைப் பொறுத்துச் சற்றுக் கூடலாம், குறையலாம்.

நோன்பாளிக்கு இன்னொரு விஷயமும் உண்டு. மேற்கே போகிறவர் சூரியனின் பின்னாலேயே போகிறார். கொழும்பு 80 பாகை கிழக்கில், ஜித்தா 39 பாகையில். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். 41 பாகைக்குக் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணித்தியாலம். அவ்வளவுக்குப் பகல் நீளும். இங்கே ஐந்து மணிக்குச் சஹரை முடித்த ராத்தா, ஏறத்தாழ 16 மணித்தியாலம் பசித்திருந்தார். கைக்கடிகாரம் இலங்கை நேரப்படி ஆறரை காட்டினாலும் ஜன்னலில் வெயில் அடிக்கும். தாம் இருக்கும் இடத்தில் சூரியன் மறைந்த பிறகே நோன்பு திறக்க வேண்டும். பயணிக்கும் நோயாளிக்கும் நோன்பை விட்டுப் பிறகு கழாச் செய்ய மார்க்கம் சலுகை தந்திருக்கிறதே! சரியான கணக்கை நான் சொல்லியிருந்தால் ராத்தா அதைப் பயன்படுத்தியிருப்பார், டொக்டரிடமும் முன்கூட்டியே கேட்டிருப்பார்.

உங்கள் வீட்டில் யாரும் புறப்பட்டால், இறங்கும் நேரத்தோடு இரண்டரை மணித்தியாலத்தைக் கூட்டிக் கொண்டு பிறகு கழியுங்கள். மாத்திரை, ஊசி போடுகிறவர்கள் எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்று எழுதி வாங்கிக் கொள்ளட்டும். கடிகார முள்ளை நம்பினால் குழப்பம்தான். நேரே மக்காவுக்குப் போகிறவர்களுக்கு மீகாத் எல்லை ஜித்தாவில் இறங்குமுன்பே வந்துவிடும். தூங்கிவிடாமல் அறிவிப்பைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

திரும்பும்போது கணக்கு தலைகீழ். இரவு பத்துக்கு அங்கே ஏறினால் காலை ஆறரைக்கு இங்கே என்று டிக்கெட் சொல்லும். எட்டரை மணித்தியாலமா என்று பயப்பட வேண்டாம், அதே ஆறுதான். ராத்தா திரும்பி வந்த அன்று நான் விமான நிலையத்துக்குப் பிந்தவில்லை.