பத்தியம் பட்டினி ஆகக் கூடாது

தமிழகத்தில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் இன்று மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஆனால், பிள்ளை பெற்றவள் என்ன சாப்பிடலாம் என்பதை வீட்டு அடுப்படிதான் தீர்மானிக்கிறது. பால் சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் அங்கிருந்து வருவது நல்லதே. ‘பச்சை உடம்பு, தண்ணீர் அதிகம் குடிக்காதே’, ‘பழம் தின்றால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும்’, ‘கீரை பிள்ளைக்கு ஆகாது’ என்கிற தடைகளும் அங்கிருந்தே வருகின்றன. புட்டும் குழம்பும் இருக்கட்டும். இந்தத் தடைகள் போக வேண்டும்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. பிரசவத்தில் மேலும் ரத்தம் போகிறது. போதாததற்கு, அதே ஆய்வின்படி நூற்றில் 45 பிரசவங்கள் சிசேரியன். முதல் ஆறு மாதம் பாலூட்டும் தாய்க்கு வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். உடம்பு அதிகம் கேட்கும் நேரத்தில் தட்டைச் சுருக்குவது எந்த வகைப் பராமரிப்பு? தாய்ப்பாலில் பெரும்பங்கு தண்ணீர்தான். தாகத்துக்குத் தண்ணீர் தராமல் வைத்தால் மலச்சிக்கல் வரும். முக்கும்போது தையல் போட்ட இடம் வலிக்கும். தாய் தின்ற பழத்தால் பிள்ளைக்குச் சளி பிடிப்பதில்லை.

பாட்டிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட வேண்டும் என்பது அரசின் விதி. அதைச் சாப்பிட்டு மலம் கறுத்ததும் பல தாய்மார்கள் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். அது இயல்பு என்று சொல்ல ஆளில்லை. கால்சியம் மாத்திரையையோ டீயையோ இரும்பு மாத்திரையோடு சேர்த்து எடுத்துக்கொண்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது என்பதும் பலருக்குத் தெரியாது. வீட்டுக்கு அனுப்பும்போது சொல்லும் அறிவுரையும் கட்டிலில் களைத்துக் கிடப்பவளிடம் சொல்லப்படுகிறது. சமைக்கப் போகிறவர் காதில் விழுவதில்லை.

இதற்குப் புதுத் திட்டம் தேவையில்லை. அங்கன்வாடிகள் வழியே அரசு நடத்தும் சமுதாய வளைகாப்புக்குக் கர்ப்பிணியின் தாயையும் மாமியாரையும் கணவரையும் கட்டாயம் அழைக்க வேண்டும். பேறுகாலச் சாப்பாட்டை அங்கேயே சமைத்துக் காட்டலாம்: முட்டை, பருப்பு, முருங்கைக்கீரை, மீன், பழம், ஆறவைத்த வெந்நீர். பிரசவத்துக்குப் பின் வீட்டுக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியர், குழந்தையின் எடையோடு தாய் சாப்பிட்டதையும் மீதமுள்ள மாத்திரையையும் கேட்டுக் குறிக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கான ஊட்டச்சத்துப் பெட்டகத்தைக் கையில் கொடுத்ததோடு அரசின் கடமை முடியவில்லை. எல்லோரும் உண்டபின் மிஞ்சியதைத் தின்பவளாகத் தாய் இருக்கும்வரை, எந்தப் பெட்டகமும் அவள் ரத்தசோகையைத் தீர்க்காது.