டாக்டர் அம்மாள் கண்ட தரிசனம்

மூலக்கொத்தளம் என்றதும் பலருக்குச் சுடுகாடுதான் நினைவுக்கு வரும். 1939-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் உயிர் நீத்த நடராசன், தாளமுத்து இருவரும் உறங்குவது அங்கேதான்.

கொத்தளம் என்றால் கோட்டை மதிலின் காவல் மேடை. 1758-59-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையை முற்றுகை இட்டார்கள். அதன் பிறகு நகரைச் சுற்றி வெள்ளைக்காரர்கள் மதில் எழுப்பினார்கள். மதிலின் பெரும் பகுதி போய்விட்டது. பெயர் மட்டும் நிற்கிறது.

அங்கிருந்து பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் போனால் ரெய்னி ஆஸ்பத்திரி வரும். அங்கே பிறந்தவர்கள் வடசென்னையில் எத்தனையோ பேர்! அதைத் தொடங்கியவர் யார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது.

அவர் பெயர் மெட்டில்டா மக்பெயில். ஸ்காட்லாந்துப் பெண். 1860-ல் பிறந்தவர். லண்டனில் பெண்களுக்கென்று ஏற்பட்ட மருத்துவப் பள்ளியில் படித்தார். அங்கே சபை அனுப்பியது, கப்பல் ஏறினார். 1888-ல் சென்னையில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 28.

சிறிய மருந்தகம் ஒன்றை வைத்து வேலையைத் தொடங்கினார். ராயபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரி திறந்தது 1914-ல். நடுவே ஓடியவை 26 ஆண்டுகள்!

தரிசனம் என்றால் என்ன?

கிறிஸ்தவ சபைகளில் "தரிசனம்" என்ற சொல் அடிக்கடி காதில் விழும். "எங்கள் தலைவருக்குத் தரிசனம் உண்டு" என்பார்கள். சுவரில் அழகாக எழுதியும் மாட்டுவார்கள்.

தரிசனம் என்றால் பார்த்தல். அவ்வளவுதான். கோயிலுக்குப் போகிறவரும் அதே சொல்லைத்தான் சொல்கிறார். கேள்வி என்னவென்றால், எதைப் பார்ப்பது?

மக்பெயில் அம்மாள் பார்த்தது, டாக்டரிடம் வராத பெண்களை. ஆண் டாக்டரிடம் கை நீட்ட அந்தக் காலத்துப் பெண்கள் பலர் கூசினார்கள். வீட்டாரும் விடமாட்டார்கள். நோயோடு வீட்டுக்குள்ளேயே கிடந்தார்கள். வந்தவர்களைக் கணக்குப் பார்ப்பது எளிது. வராதவர்களைப் பார்க்கத் தனிக் கண் வேண்டும்.

வேலூர் ஐடா ஸ்கடர் கதையும் இதுதான். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள், பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. அவருடைய தந்தை டாக்டர். ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்று திரும்பிவிட்டார்கள். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா போய் டாக்டராகி, 1900-ல் திரும்பி வந்தார். முதலில் ஒரே ஒரு படுக்கை! 1909-ல் நர்சுப் பள்ளி. 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. அதுதான் இன்றைய வேலூர் சி.எம்.சி.

ஒரு டாக்டர் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? தனக்குப் பின்னால் நூறு பேர் வரவேண்டும் என்று எண்ணியதுதான் அந்த அம்மாளின் கெட்டிக்காரத்தனம்.

பெயர் யாருடையது?

ராயபுரம் ஆஸ்பத்திரிக்கு மக்பெயில் தம் பெயரை வைக்கவில்லை. கிறிஸ்டினா ரெய்னி என்ற ஸ்காட்லாந்து அம்மையாரின் பெயர் அது. பெண்கள் மிஷன் சங்கத்தில் உழைத்தவர் அவர். ஏறத்தாழ 40 ஆண்டுகள் இங்கே பாடுபட்ட மக்பெயில், 1946-ல் ஸ்காட்லாந்தில் காலமானார். ஆஸ்பத்திரி மூடவில்லை. இன்று தென்னிந்தியத் திருச்சபை அதை நடத்துகிறது.

இப்போது சில சபைகளில் நடப்பது என்ன? அடிக்கல்லில் யார் பெயர் முதலில் வருவது என்று சண்டை. சொத்துக்காகக் கோர்ட்டில் வழக்கு. தேர்தல் வந்தால் இரண்டு கட்சி. இவர்களுக்கும் தரிசனம் உண்டு. ஆனால் கண் நாற்காலியின் மேல் இருக்கிறது!

"தர்மம் பேசுவது சுலபம், கரண்ட் பில்லை யார் கட்டுவது?" என்று நிர்வாகிகள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எல்லாம் இலவசம் என்றால் எந்த ஆஸ்பத்திரியும் நிற்காது. வசதி உள்ளவரிடம் வாங்கி இல்லாதவருக்குக் குறைப்பது பழைய வழி. ஆனால் இல்லாதவர் வாசலோடு திரும்பிப் போனது நிர்வாகிகளுக்குத் தெரிய வேண்டுமே! ரசீதுப் புத்தகத்தில் அவர் பெயர் இருக்காது. கணக்கு அறிக்கையிலும் வராது.

அதனால் ஒரு யோசனை. ஆஸ்பத்திரியோ பள்ளிக்கூடமோ நடத்துகிற சபைகள், ஆண்டுக் கூட்டத்தைக் குளிர்சாதன அறையில் நடத்த வேண்டாம். காலை எட்டு மணிக்கு வாசல் பெஞ்சில் நடத்தட்டும். வருகிறவர்களோடு வரிசையில் உட்காரட்டும். திரும்பிப் போகிறவர்களை எண்ணட்டும். காப்பி வேண்டுமானால் எதிர்க் கடையில் கிடைக்கும்.