ஆசான் இல்லாத வேட்டை: பிழையின் விலையை யார் தருவது?

அமெரிக்காவில் மான் வேட்டை பெரும்பாலும் குடும்பத்தில் கைமாறி வரும் ஒரு திறன். அப்பாவோ மாமாவோ தாத்தாவோ, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் காட்டுக்கு அழைத்துச் செல்வார். எங்கே உட்காருவது, எப்போது அசையாமல் இருப்பது, எப்போது சுடாமல் விடுவது என்பதையெல்லாம் பிள்ளை பக்கத்தில் இருந்து பார்த்தே கற்றுக்கொள்ளும்.

இப்போது வேறொரு வகை மாணவர் அங்கே தோன்றியிருக்கிறார். அவருக்கு வயது முப்பதோ நாற்பதோ இருக்கும். நகரத்தில் வளர்ந்தவர். அவர் குடும்பத்தில் யாரும் வேட்டையாடியதில்லை. தாம் உண்ணும் இறைச்சி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறார். கற்றுத்தர ஆளில்லை. கையில் புத்தகங்களும் காணொளிகளும் உள்ளன. எதிரே காடு இருக்கிறது.

அவர் தாமாகவே கற்றுக்கொள்ள முடியுமா? வேட்டையே ஆடாத நமக்கும் இந்தக் கேள்வி தேவையானது. கித்தார், சமையல், கணினி நிரல் என்று பலவற்றை இன்று நாம் காணொளி பார்த்தே கற்கிறோம். தனியாகக் கற்பதன் எல்லை எது என்பதற்கு மான் வேட்டை நல்ல எடுத்துக்காட்டு. பெரும்பகுதியை ஆசான் இல்லாமலே கற்கலாம்; ஆனால் ஒரு பகுதியை அப்படிக் கற்க அனுமதிக்கக்கூடாது என்பது என் கருத்து.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். அழகான மானை எதற்காகக் கொல்ல வேண்டும்? வட அமெரிக்காவின் வெண்வால் மான், அளவுமீறிய வேட்டையால் 1900ஆம் ஆண்டுவாக்கில் சில இலட்சங்களாகக் குறைந்துபோனது. பிறகு சட்டங்கள் வந்தன. 1937இல் இயற்றப்பட்ட பிட்மன்-ராபர்ட்சன் சட்டம், வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் 11 விழுக்காட்டு வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்குத் திருப்பிவிட்டது. மான்கள் பெருகின. இன்று அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 3 கோடி என்கிறார்கள்.

மானை உண்ணும் ஓநாயும் மலைச்சிங்கமும் கிழக்கு மாநிலங்களின் பெரும்பகுதியிலிருந்து முன்பே ஒழிக்கப்பட்டுவிட்டன. கட்டுப்படுத்த விலங்கு இல்லாததால், மான்கள் மரக்கன்றுகளைத் தலைதூக்க விடாமல் மேய்கின்றன. பழைய மரங்கள் விழுந்தால் அவற்றின் இடத்தைப் பிடிக்க இளமரங்கள் இல்லை. சாலையில் மான்மீது வாகனம் மோதும் சம்பவங்கள் ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேல் என்று காப்புறுதி நிறுவனங்கள் மதிப்பிடுகின்றன. ஆகவே அங்கே முறையான வேட்டை, ஓநாய் செய்த வேலையின் ஒரு பகுதியைச் செய்கிறது.

நம் நாட்டு நிலைமை இதற்கு நேர் எதிரானது. மலேசியத் தீபகற்பத்தில் ருசா என்னும் கடமான் மிகவும் குறைந்துவிட்டதால் 2009ஆம் ஆண்டு முதல் அதன் வேட்டை நிறுத்தி வைக்கப்பட்டது. கடமான் குறைந்தால் புலிக்கு இரை குறையும். காட்டில் எஞ்சியிருக்கும் மலாயாப் புலிகளோ 150க்கும் குறைவு. அங்கே புலி போன்ற விலங்கு இல்லாமல் மான் பெருகியது. இங்கே மான் இல்லாமல் புலி தவிக்கிறது. ஆகவே இக்கட்டுரை இங்கே யாரையும் வேட்டைக்கு அழைக்கவில்லை. அங்கே நடக்கும் ஒரு கற்றலைத்தான் நாம் ஆராய்கிறோம்.

அந்தப் புதியவர் எதைக் கற்க வேண்டும்? துப்பாக்கியைப் பிடிப்பதற்கு முன்னால் அவர் கற்க வேண்டியது அறிவியல்.

காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மானின் முதல் காவல் அதன் மூக்கு. மனித வாடை காற்றில் வந்தால் அது அந்தப் பக்கமே வராது. மலைச்சரிவில் காலை வெயில் ஏறும்போது சூடான காற்று மேல்நோக்கி நகரும். மாலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும். எனவே காலையில் மானுக்கு மேலே அமர்ந்தவர், மாலையில் இடம் மாற வேண்டும். வெப்பச்சலனம் என்று நாம் படிக்கும் பாடம்தான் இது.

அடுத்தது கண். வேட்டைக்காரர்கள் கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் மேலாடை அணிந்து காட்டுக்குள் போகிறார்கள். மான் பார்த்துவிடாதா? மனிதக் கண்ணில் மூன்று வகைக் கூம்புச் செல்கள் உள்ளன. மானுக்கு இரண்டே வகை. சிவப்புப் பகுதிக்கான வகை அதற்கு இல்லை. எனவே நமக்குத் தீப்போல் தெரியும் செம்மஞ்சள், மானுக்குச் சுற்றியிருக்கும் இலைதழையிலிருந்து பெரிதாக வேறுபட்டுத் தெரியாது. மற்றொரு வேட்டைக்காரரின் கண்ணுக்கு மட்டும் அது எச்சரிக்கை. மாறாக, நீல நிறத்தை மான் நன்றாகப் பார்க்கும். நீலக் காற்சட்டை அணிந்து போகும் புதியவர் ஏமாந்துதான் போவார்.

பருவமும் ஒரு பாடம். பகல் நேரம் குறையக் குறைய மானின் உடலில் ஹார்மோன்கள் மாறுகின்றன. வட மாநிலங்களில் நவம்பர் மாதத்தில் இனச்சேர்க்கை நடக்கும். கர்ப்ப காலம் ஏறத்தாழ 200 நாள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பசும்புல் தழைக்கும் மே, ஜூன் மாதங்களில் குட்டி பிறக்கும். இன்னொன்று: ஓர் ஆண் மான் பல பெண் மான்களுடன் இணையும். எனவே பெரிய கொம்புள்ள ஆண் மானை மட்டும் சுட்டுக்கொண்டிருந்தால் மான்களின் எண்ணிக்கை குறையாது. கொம்புக்கு ஆசைப்படாமல் பெண் மானைத் தேர்ந்தெடுப்பதுதான் காட்டுக்கு உதவும்.

இவை அனைத்தையும் ஆசான் இல்லாமலே கற்கலாம். ஏனென்றால் இங்கே காடே ஆசானாக இருக்கிறது. காற்றைத் தவறாகக் கணித்தால், மான் மூக்கைச் சீறிக்கொண்டு வெண்வாலைத் தூக்கிக் காட்டி ஓடிவிடும். தவறு நடந்த அதே நிமிடத்தில் விடை தெரிந்துவிடுகிறது. குறிப்பேட்டில் நேரம், காற்றின் திசை, தடம், புழுக்கை, மேய்ந்த செடி என்று எழுதி வந்தால், இரண்டு பருவங்களில் அவர் நல்ல இயற்கை ஆய்வாளராகிவிடுவார்.

ராபின் ஹோகார்த் என்னும் உளவியலாளர், கற்றல் சூழலை இரண்டாகப் பிரித்தார். செய்த செயலுக்கு உடனடியாகவும் சரியாகவும் விடை கிடைப்பது கனிவான சூழல். விடை வராமல் போவது, அல்லது தவறான விடை வருவது வஞ்சகமான சூழல். இதற்கு அவர் ஒரு மருத்துவரின் கதையைக் காட்டுகிறார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் பணியாற்றிய அவர், நோயாளிகளின் நாக்கைத் தொட்டுப் பார்த்தே இவர்களுக்கு டைபாய்டு வரும் என்று முன்கூட்டிச் சொல்வார். அவர் சொன்னபடியே நோய் வந்தது. உண்மை என்ன? கைகழுவாமல் ஒவ்வொரு நாக்காகத் தொட்டு நோயைப் பரப்பியவரே அவர்தான்! அனுபவம் கூடக்கூட அவருடைய தன்னம்பிக்கை வளர்ந்தது, அறிவு வளரவில்லை.

மான் வேட்டையில் காற்றும் தடமும் கனிவான சூழல். ஆனால் அம்பையோ தோட்டாவையோ விடுவித்த கணத்திலிருந்து சூழல் வஞ்சகமாகிவிடுகிறது.

வில்வேட்டையை எடுத்துக்கொண்டு ஒரு சிறு கணக்குச் செய்வோம். நவீன வில்லிலிருந்து அம்பு நொடிக்கு ஏறத்தாழ 90 மீட்டர் வேகத்தில் பாயும். ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். மான் 27 மீட்டர் தூரத்தில் நிற்கிறது. அம்பு போய்ச் சேர 0.3 நொடி ஆகும். நாண் அதிரும் ஒலியோ 0.08 நொடியில் மானின் காதை எட்டிவிடும். அம்பு வருவதற்குள் மானுக்கு 0.22 நொடி கிடைக்கிறது. திடுக்கிட்ட மான் பாய்வதற்காகக் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்தும். நெஞ்சுக்கு வைத்த குறி முதுகில் படலாம், வேறெங்காவது படலாம்.

அடுத்து நடப்பதுதான் முக்கியம். நெஞ்சில் அடிபட்ட மான்கூட அங்கேயே விழுவதில்லை. நூறு மீட்டர் வரை ஓடி மறையலாம். வயிற்றில் அடிபட்டது மேலும் தொலைவு போய்ப் புதரில் படுத்துக்கொள்ளும். அதைப் பல மணி நேரம் தொந்தரவு செய்யாமல் விட்டு, பிறகே தேட வேண்டும். பொறுமையற்ற புதியவர் உடனே பின்தொடர்ந்தால் அது எழுந்து மேலும் ஓடும், கிடைக்காமலே போகும். இளஞ்சிவப்பு நுரையுள்ள இரத்தம் நுரையீரலில் பட்டதற்கு அடையாளம். கருஞ்சிவப்போடு பச்சைத் துணுக்குகள் கலந்திருந்தால் வயிற்றில் பட்டிருக்கிறது. இலைமேல் கிடக்கும் இந்த அடையாளங்களைப் படிக்கத் தெரியாதவர், குறி தப்பிவிட்டது என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடுவார். எங்கோ ஒரு மான் நாள்கணக்கில் வதைபட்டுச் சாகும். அவருக்கு அது தெரியவே தெரியாது. அடுத்த வாரமும் அதே தவற்றை அதே நம்பிக்கையோடு செய்வார்.

காணொளி இங்கே உதவுமா? ஓரளவு உதவும். ஆனால் காணொளி எடுப்பவர் எதை வெளியிடுவார்? வெற்றியைத்தான். கிடைக்காமல் போன மானின் கதை பெரும்பாலும் வெளியே வராது. வெற்றிகளை மட்டும் பார்த்துக் கற்பவர், தோல்வி அரிது என்று முடிவு செய்துவிடுவார். புள்ளியியலில் இதைத் தெரிவுப் பிழை என்கிறோம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எதைத் தேட வேண்டும் என்றே தெரியாதவர் எதைத் தேடுவார்? மெலிவு நோய் என்று மான்களுக்கு ஒரு நோய் வருகிறது. 1967இல் கொலராடோவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இது, இன்று 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் பரவியுள்ளது. பிரியான் எனப்படும், வடிவம் கெட்ட புரதம்தான் இதற்குக் காரணம். சமைத்தாலும் அது அழியாது. மனிதருக்கு இந்நோய் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. இருந்தாலும் நோய் பரவிய பகுதியில் கிடைத்த இறைச்சியைச் சோதித்த பிறகே உண்ண வேண்டும் என்று சுகாதார அதிகாரிகள் அறிவுறுத்துகிறார்கள். ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடக்கூடிய செய்திதான் இது. ஆனால் சொல்ல ஒருவர் வேண்டும். மரத்தில் கட்டும் பரணில் பாதுகாப்புப் பட்டை இல்லாமல் ஏறக்கூடாது என்பதும் அப்படித்தான். பரணிலிருந்து விழுவது வேட்டைக்காரர்கள் காயமடைவதற்கான முக்கியக் காரணங்களுள் ஒன்று.

ஆசான் இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்பா சொன்ன தவற்றையும் பிள்ளை அப்படியே கற்றுக்கொள்ளும். நிலவின் பிறையை வைத்து மான் நடமாட்டத்தைக் கணிக்கலாம் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. மான்களின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை மாட்டி நடத்திய ஆய்வுகள் அப்படியொரு வலுவான தொடர்பைக் காட்டவில்லை. ஆய்வைப் படிக்கும் புதியவர், இந்த விஷயத்தில் பரம்பரை வேட்டைக்காரரை மிஞ்சிவிடலாம். ஆகவே ஆசான் என்றால் வயதில் மூத்தவர் என்று மட்டும் பொருளில்லை. நம் கண்ணுக்குத் தெரியாத நம் தவற்றைச் சுட்டிக்காட்டும் எந்த ஏற்பாடும் ஆசான்தான்.

ஜெர்மனியில் அந்த ஏற்பாட்டைச் சட்டமே செய்கிறது. வேட்டை உரிமம் வேண்டுமானால் எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, சுடும் தேர்வு மூன்றிலும் தேற வேண்டும். விலங்கியல், நோய், சட்டம், வேட்டை நாய், இறைச்சித் தூய்மை எல்லாம் பாடம். பல்கலைக்கழகத்துக்கு முந்திய அபிட்டூர் தேர்வை நினைவூட்டும்படி, மக்கள் இதைப் ‘பச்சை அபிட்டூர்’ என்றே அழைக்கிறார்கள். அமெரிக்காவில் 1949இல் நியூயார்க் மாநிலம் வேட்டைக் கல்வியைக் கட்டாயமாக்கியது. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. துப்பாக்கி விபத்துகளைக் குறைப்பதே அதன் முதல் நோக்கம். அது நல்ல பலன் தந்தது. ஆனால் இன்று பல மாநிலங்களில் பெரியவர்கள் பாடம் முழுவதையும் இணையத்திலேயே முடித்துவிடலாம். இலக்கில் ஒருமுறைகூடச் சுட்டுக் காட்ட வேண்டியதில்லை.

இது போதாது என்பதே என் வாதம். தாம் சுடப்போகும் தூரத்தில் தொடர்ந்து குறி தப்பாமல் அடிக்க முடியும் என்பதைப் புதியவர் மெய்ப்பிக்க வேண்டும். அடிபட்ட மானின் தடத்தைப் பின்தொடரும் பயிற்சியைக் களத்தில் பெற வேண்டும். முதல் வேட்டையில் அனுபவமுள்ள ஒருவர் உடனிருக்க வேண்டும். அதன் பிறகு அவர் தனியே போகட்டும்.

இதற்கு மறுப்பும் உண்டு. மத்திய அரசின் கணக்கெடுப்பின்படி, 16 வயதும் அதற்கு மேலும் உள்ள வேட்டைக்காரர்கள் 2011இல் 1.37 கோடிப் பேர், 2016இல் 1.15 கோடிப் பேர். ஆள் குறைந்தால் உரிமக் கட்டணம் குறையும். வனவிலங்குப் பாதுகாப்புக்கான பணமும் குறையும். இந்த நிலையில் தேர்வுகளைக் கூட்டினால் புதியவர்கள் வருவார்களா? வாசலை மூடச் சொல்லவில்லை. வாசலில் ஓர் ஆளை நிறுத்தத்தான் சொல்கிறேன். தேசிய மான் சங்கம் போன்ற அமைப்புகள், வேட்டைக் குடும்பத்தில் பிறக்காத பெரியவர்களை அனுபவசாலிகளோடு சேர்த்துப் பயிற்சி தருகின்றன. முடியாத காரியம் அன்று இது.

நமக்கு இதில் என்ன பாடம்? எதையாவது தனியாகக் கற்கத் தொடங்கும் முன் இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். நான் தவறு செய்தால் எனக்குத் தெரியவருமா? அந்தத் தவற்றின் விலையை யார் கொடுப்பார்? கித்தாரில் தவறினால் காதுக்கே தெரியும். விலை பக்கத்து வீட்டாரின் பொறுமை மட்டும்தான். தாராளமாகத் தனியே கற்கலாம். ஆனால் வேதியியல் பொருள்களைக் கலப்பது, மின்கம்பியைப் பிரிப்பது, தம்பி தங்கைக்கு மருந்து கொடுப்பது ஆகியவற்றில் தவறு தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். விலையை இன்னோர் உயிர் கொடுத்திருக்கும். அங்கே கேட்டுக் கற்பதில் கூச்சம் வேண்டாம்.

தன் முயற்சியால் கற்பவர் பாராட்டுக்குரியவர். ஆனால் அவர் கற்றுவிட்டாரா என்று தீர்ப்புச் சொல்லும் வேலையையும் அவரிடமே விட்டுவிட முடியாது. காட்டில் காயத்தோடு கிடக்கும் மானால் வந்து சாட்சி சொல்ல முடியாது அல்லவா?