பிடியரிசியும் செஞ்சோற்றுக் கடனும்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் அன்னதானம் நடக்கும் இடத்தில் சற்று நின்று பார்த்தால் ஒன்று புலப்படும். தொன்னையில் சாதத்தை வாங்குபவர் ‘நன்றி’ என்று சொல்வதில்லை. கரண்டி பிடித்தவரும் அந்தச் சொல்லுக்காகக் காத்திருப்பதில்லை. சாப்பிட்டவர் கையைக் கழுவிக்கொண்டு 14 கிலோமீட்டர் சுற்றில் மீதியை நடக்கப் போய்விடுகிறார். போட்டவர் யார், எந்த ஊர் என்று விசாரிப்பதுகூட இல்லை. இதை நன்றிகெட்டத்தனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இதே சோறு வேறொரு வாசலில் போடப்படும்போது கணக்கு மாறிவிடுகிறது. ‘என் சோத்தத் தின்னுட்டு என்னையே எதிர்த்துப் பேசுறியா?’ என்ற கேள்வி நம் கிராமங்களுக்குப் புதிதல்ல. ஒரு சோறு உண்டவரோடு நடந்து போய்விடுகிறது; இன்னொரு சோறு தலைமுறைக்கும் தீராத கடனாகிறது. கிறிஸ்தவர்கள் தங்கள் வாழ்க்கை முறை என்று சொல்லிக்கொள்ளும் நன்றியுணர்வு இந்த இரண்டில் எதைச் சேர்ந்தது? முதல் வகையைச் சேர்ந்தது என்பது என் வாதம். இரண்டாம் வகையைக் கற்பிக்கும் பிரசங்கம் எவ்வளவு பக்தியாக ஒலித்தாலும், அது சொல்வது செஞ்சோற்றுக் கடனைத்தான்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். கடைக்காரருக்கும் நடத்துநருக்கும் ‘நன்றி’ சொல்லும் வழக்கம் தமிழில் பிந்தி வந்தது. பழந்தமிழில் நன்றி என்றால் நன்மை. திருக்குறளின் 11ஆம் அதிகாரம் ‘செய்ந்நன்றி அறிதல்’, அதாவது ஒருவர் செய்த நன்மையை அறிந்திருப்பது. தலைப்பில் இருக்கும் வினை ‘அறிதல்’. ‘சொல்லுதல்’ என்ற பேச்சே அங்கு இல்லை. நாம் எதுவும் செய்யாதிருந்தும் நமக்கு ஒருவர் செய்த உதவிக்கு மண்ணும் விண்ணும் ஈடாகாது என்றுதான் அந்த அதிகாரம் ஆரம்பிக்கிறது. ஈடே இல்லை என்றான பிறகு திருப்பிக் கட்டுவது எப்படி? கட்டி முடிக்க முடிந்தால்தான் அது கடன். தமிழ்த் திருச்சபைகளில் புழங்கும் ‘ஸ்தோத்திரம்’ என்ற சொல்லும் இதே திசையில்தான் போகிறது. வடமொழியில் துதி என்று பொருள்படும் அச்சொல், தமிழ்க் கிறிஸ்தவர் வாயில் துதி, நன்றி, வணக்கம் மூன்றுமாகிவிட்டது. வழியில் பார்த்தவரிடம் ‘ஸ்தோத்திரம் ஐயா’ என்று சொல்லும்போது நன்றி போய்ச் சேருவது கடவுளுக்கு. ஆனால் முகம் பார்ப்பது எதிரே நிற்கும் மனிதரை. மேலே போக வேண்டிய நன்றி பக்கத்தில் இருப்பவர் வழியாகத்தான் போகும் என்ற இறையியல் முழுவதும் அந்த ஒரு வணக்கத்துக்குள் அடங்கியிருக்கிறது.

நன்றியைப் பற்றிப் பேசும் போதகர்கள் தவறாமல் எடுப்பது லூக்கா சுவிசேஷத்தின் 17ஆம் அதிகாரத்தில் வரும் பத்துத் தொழுநோயாளிகளின் கதை. ஊருக்கு வெளியே எட்ட நின்று கூப்பிட்ட பத்துப் பேரும் குணமாகிறார்கள். ஒருவர் மட்டும் திரும்பி வந்து இயேசுவின் காலில் விழுகிறார். மற்ற ஒன்பது பேரைத் திட்டித் தீர்ப்பதோடு பிரசங்கம் பெரும்பாலும் முடிந்துவிடும். கதையில் இரண்டு செய்திகளைக் கவனிப்பவர் குறைவு. அந்த ஒன்பது பேருக்கும் நோய் திரும்பி வந்ததாக லூக்கா எழுதவில்லை. நன்றி சொல்லாததற்காகக் கொடை பறிக்கப்படவில்லை. ஆகவே நன்றி கொடையின் விலை அல்ல. திரும்பி வந்தவர் ஒரு சமாரியர் என்பது இரண்டாவது செய்தி. யூதர்கள் தீண்டாமல் ஒதுக்கிய கூட்டத்தைச் சேர்ந்தவர் அவர். நன்றி அறிந்தவர் நம் கூட்டத்துக்கு வெளியே இருக்கக்கூடும் என்பதையும் சேர்த்துத்தான் இயேசு சுட்டிக்காட்டுகிறார். கொடுத்தவர் கணக்குப் பார்க்கவில்லை, பெற்றவர் எல்லைக்குள் அடங்கவில்லை. கிறிஸ்தவ நன்றியின் இலக்கணம் இவ்வளவுதான்.

இந்த இலக்கணத்தைத் தமிழ்நாட்டில் நடைமுறையாக்கியவை பிரசங்கங்களைவிட அடுப்படிகளே. பிடியரிசிக் காணிக்கை என்று ஒரு வழக்கம் உண்டு. உலையில் போட அரிசியை அளந்த பிறகு, அந்த அளவிலிருந்தே ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். வாரக் கடைசியில் அது பையோடு ஆலயத்துக்குப் போகும். இதன் நுட்பம் வரிசையில் இருக்கிறது. மூட்டையில் மிஞ்சியதை எடுப்பதில்லை. அன்றைய சோற்றுக்கென்று அளந்ததில் கை வைக்கிறார்கள். வேளைக்கு ஒருமுறை, கையளவு, பசியின் பக்கத்திலேயே நின்று செய்யும் பயிற்சி இது. மிசோரம் திருச்சபைகளில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பெண்கள் இதையே செய்து ஒரு பெரிய ஊழியத்தைத் தாங்குகிறார்கள். காஞ்சி மகா பெரியவர் ஊக்குவித்த பிடியரிசித் திட்டத்திலும் இருந்தது அதே கைதான். அடுத்தது அறுப்பின் பண்டிகை. ஆலயத்தின் முன்பகுதியில் நெல் மூட்டை, மல்லாட்டை, பூசணி, வாழைத்தார், கால் கட்டிய சேவல் என்று வந்து குவியும். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரு கிழவி கொண்டுவந்த ஒற்றை முட்டையை ஒருவர் நூறு ரூபாய்க்கு எடுப்பார். எடுத்ததைத் திரும்பவும் ஏலத்துக்கே விடுவார். அது இன்னொருவர் கைக்குப் போகும். சந்தையில் சில ரூபாய் பெறும் பொருள் இங்கே விலையின் பிடியிலிருந்து விடுபட்டு நிற்கிறது.

இதே இடத்தில்தான் கெடுதலும் நுழைகிறது. முட்டையை எடுத்தவரின் பெயர் ஒலிபெருக்கியில் மூன்று முறை வரத் தொடங்கும்போது ஏலம் கௌரவப் போட்டியாகிறது. சாட்சி சொல்லும் நேரம் புது வீடு, வெளிநாட்டு விசா, மகனுக்குக் கிடைத்த வேலை ஆகியவற்றின் பட்டியலாகும்போது, அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கடன்காரருக்கும் நோயாளிக்கும் கேட்கும் செய்தி ஒன்றே: உனக்கு மட்டும் ஏன் இல்லை? பெற்றதைச் சொல்வது தவறல்ல. பெற்றதையே கடவுளின் தயவுக்கு அளவுகோலாக்குவதுதான் தவறு. அப்படிப்பட்ட நன்றி, அடுத்த தவணைக்குப் போடும் விண்ணப்பமாகச் சுருங்கிவிடுகிறது.

துன்பத்தில் இருப்பவரிடம் நன்றி கேட்பது கொடுமை அல்லவா என்ற ஆட்சேபணை நியாயமானது. எல்லாவற்றிலும் நன்றி சொல்லுங்கள் என்றுதான் தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதினார், எல்லாவற்றுக்காகவும் என்று எழுதவில்லை என்று சிலர் சமாளிப்பார்கள். ஆனால் எபேசியர் நிருபத்தில் ‘எல்லாவற்றுக்காகவும்’ என்ற கருத்தே வருகிறது. வேற்றுமை உருபை வைத்துத் தப்பிக்க முடியாது. பதிலை வேதத்தின் மொத்தப் போக்கில் தேட வேண்டும். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். கடவுளையே கேள்வி கேட்கும் புலம்பல். நன்றியின் பாட்டும் முறையீட்டின் பாட்டும் ஒரே புத்தகத்தில், ஒரே ஆராதனையில் பாடப்பட்டன. ஜெர்மனியின் எய்லன்பர்க் நகரில் மார்ட்டின் ரிங்கார்ட் என்ற லுத்தரன் போதகர் இருந்தார். முப்பதாண்டுப் போரின் நடுவே 1637இல் கொள்ளைநோய் தாக்கியபோது, நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அவர் அடக்கம் செய்தார். அவர்களில் ஒருவர் அவருடைய மனைவி. லுத்தரன் சபைகள் உலகெங்கும் பாடும் புகழ்பெற்ற நன்றிப் பாடல் அந்தப் போதகர் எழுதியது. பிணங்களுக்காக அவர் நன்றி சொன்னார் என்று எந்தப் பைத்தியக்காரனும் சொல்ல மாட்டான். பிணங்கள் மட்டுமே உண்மை என்று ஒப்புக்கொள்ள மறுத்தார், அவ்வளவுதான். அழுகையை அடக்கச் சொல்லும் நன்றி கிறிஸ்தவ நன்றி ஆகாது.

இதைவிடக் கூர்மையான ஆட்சேபணை ஒடுக்கப்பட்டோர் பக்கமிருந்து வருகிறது. நன்றியுணர்வு என்பது எளியவர் வாயை அடைக்க வலியவர் கண்டுபிடித்த பூட்டு என்கிறார்கள். வரலாறு அவர்கள் பக்கம் நிறையச் சான்று வைத்திருக்கிறது. பண்ணையாளின் குடும்பம் வாங்கிய முன்பணத்தோடு, உண்ட சோறும் சேர்ந்தே அவர்களைக் கட்டிப்போட்டது. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடனைத் தவணையில் கட்டச் சொல்லவில்லை, அடியோடு அழித்தது. திருவண்ணாமலை மாவட்டத்தின் தென்முடியனூரில் 2023 ஜனவரி 30 அன்று, பல பத்தாண்டு மறுப்புக்குப் பிறகு, காவல் பாதுகாப்போடு தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். அதற்காக அவர்கள் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்? யாருக்கும் இல்லை. உரிமை கொடை அல்ல. வேதமும் இதையே சொல்கிறது. உபாகமம் 26ஆம் அதிகாரத்தில், முதல் விளைச்சலைக் கூடையில் கொண்டுவரும் விவசாயி நிலக்கிழாருக்கு நன்றி சொல்வதில்லை. தன் முன்னோர் நாடோடியாய் அலைந்ததையும், எகிப்தில் அடிமையாய்க் கிடந்ததையும், கடவுள் விடுவித்ததையும் அறிக்கையிடுகிறார். பிறகு, நிலமற்ற லேவியரோடும் அந்நியரோடும் சேர்ந்து உண்கிறார். அறுப்பின் பண்டிகையின் மூலவடிவம் இது. அடிமைத்தனத்தை மறக்கச் செய்யாமல் நினைக்கச் செய்யும் நன்றி, இன்னொருவரை அடிமையாக்கவும் விடாது.

மிஷனரிகளுக்கு நன்றி என்ற பேச்சையும் இந்த அளவுகோலால்தான் நிறுக்க வேண்டும். இந்தப் பகுதியில் டேனிஷ் மிஷனுக்கு அடித்தளமிட்டவர் கார்ல் ஒக்ஸ். சபைக்குள் சாதியைச் சகித்துக்கொண்ட லைப்சிக் மிஷனோடு முரண்பட்டு வெளியேறி, 1860களில் டேனிஷ் மிஷனோடு இணைந்தார். அந்தப் பணியின் கிளைகளே இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையும், திருவண்ணாமலையில் இருக்கும் டேனிஷ் மிஷன் மேல்நிலைப்பள்ளியும். இந்த ஊரை ஒருநாளும் பார்க்காத டென்மார்க் சபையார் போட்ட காசை இங்கே யார் திருப்பிக் கொடுப்பது? காலனியக் காலத்து மிஷன்களுக்கு அவற்றுக்கே உரிய ஆணவமும் இருந்தது. அதை மறைப்பது நன்றி ஆகாது. பெற்ற கல்வியை வைத்து அவர்களையே விமர்சிப்பது நன்றிகேடும் ஆகாது. எந்தச் சாதி, எந்த மதம் என்று பாராமல் பள்ளியின் கதவை அகலத் திறந்து வைத்திருக்கும் வரை அந்தக் கொடைக்கு மரியாதை இருக்கிறது. கதவு குறுகினால், நிறுவனர் படத்துக்கு எத்தனை மாலை போட்டாலும் பயனில்லை.

நன்றியுணர்வு மனநலத்துக்கு நல்லது என்று இப்போது விஞ்ஞானமே சொல்கிறதே, பிறகு கடவுள் எதற்கு என்பவர்களும் உண்டு. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வாரம் வாரம்தோறும் நன்றிக்குரியவற்றை எழுதிவைத்த மாணவர்கள், எரிச்சல்களை எழுதிவைத்தவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையை நிறைவாக உணர்ந்தார்கள். பின்னாளில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் பலன் உண்டு, ஆனால் அளவானதே என்றார்கள். பழகினால் வரும் குணம் இது என்பதற்கு இந்த ஆய்வுகள் சாட்சி; அந்த அளவில் பிடியரிசிப் பானைக்கும் குறிப்பேட்டுக்கும் உறவு உண்டு. வேறுபாடும் உண்டு. குறிப்பேடு எழுதியவரிடமே தங்கிவிடுகிறது. பானை நிறைந்ததும் வீட்டை விட்டு வெளியேறுகிறது.

கோயில் நகரத்தில் வாழும் கிறிஸ்தவருக்கு இன்னொரு கடமையும் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் சுமார் 24.6 லட்சம் மக்களில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு. அப்படிப்பட்ட ஊரில் தண்ணீர், தெரு, சந்தை, மொழி எல்லாமே அயலாரோடு பகிர்ந்தவை. பிரெஞ்சு பெனடிக்டின் துறவி ஹென்றி லெ சோ 1949இல் இங்கு வந்து ரமணரைக் கண்டார். பின்னர் மலைக் குகைகளில் தங்கினார். அபிஷிக்தானந்தர் என்ற பெயரால் அறியப்பட்டார். அருணாசலத்திடம் தான் பெற்றதை அவர் கடைசிவரை ஒளிக்கவில்லை. அந்த மலையைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். அவருடைய இறையியலை ஏற்காத கிறிஸ்தவர்கள் பலர். அவரைச் சந்தேகித்த இந்துக்களும் உண்டு. அந்த விவாதம் இருக்கட்டும். பிறருடைய முற்றத்தில் பெற்றதைப் பெற்றேன் என்று சொல்ல அவருக்குத் துணிவிருந்தது. சமாரியரைப் பாராட்டியவரைப் பின்பற்றுவதாகச் சொல்பவர்கள் அந்தத் துணிவைக் குறை சொல்ல முடியாது.

எனவே சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு அறுப்பின் பண்டிகையில் ஏலம் எடுத்தவரின் பெயரை அறிவிக்காதீர்கள். வசூலான தொகையை அறிவியுங்கள். அது யாருடைய அடுப்புக்குப் போகப்போகிறது என்பதையும் அதே மூச்சில் அறிவியுங்கள். அந்த அடுப்பு சபையாருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வாங்கிக்கொள்பவர் வந்து நன்றி சொல்ல வேண்டும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். கிரிவலப் பாதையில் கரண்டி பிடிப்பவர் எதிர்பார்ப்பதில்லை.