டபராவும் சாணிப்பாலும்

கும்பகோணம் டிகிரி காபியின் பெருமையை எங்கள் வங்கியில் ஒரு சார் அரைமணி நேரம் பேசினார். கறந்த பால், சிக்கரி, பித்தளை டபரா. ஆத்தி ஆத்திக் குடித்தபடியேதான் பேசினார். கேட்டுக்கிட்டே இருந்தேன். தஞ்சைத் தரணி குடித்தது காபி மட்டும்தானா தோழர்களே?

எங்க தாத்தாவோட அப்பா பண்ணையாள். வேலைக்குப் பிந்தினால் சவுக்கடி. அதோடு சாணிப்பால். மாட்டுச்சாணியைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றுவார்கள். அதுக்குப் 'பால்'னு பேர் வச்ச நாக்கு எப்படிப்பட்ட நாக்கு! 1940களில் பி. சீனிவாசராவும் விவசாயிகள் சங்கமும் சேரிக்குள் வந்து, ஜனங்கள் திரண்டு நின்ற பிறகுதான் அது ஒழிந்தது. ஆண்டைகள் மனம் திருந்தி நிறுத்தினதாக யாரும் கதை விட வேண்டாம்.

அப்புறம் டீக்கடையில் இரட்டைக் குவளை. அவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், நமக்குக் கொட்டாங்கச்சி, இல்லாவிட்டால் நசுங்கின அலுமினியம். குடித்துவிட்டு நாமே கழுவிக் கவிழ்த்தணும்.

1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் புரட்டுங்கள். குற்றப் பட்டியலில் முதலில் இருப்பது கொலையா, கொள்ளையா? தலித்துகளை, பழங்குடிகளை அருவருப்பானதைக் குடிக்கவோ தின்னவோ வைப்பது! 2022 டிசம்பரில், பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், நம் சனங்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. 2025இல் போலீஸ் குற்றம் சாட்டியது அந்தச் சேரி ஆட்கள் மூவர் மீதே. ஊர்ச்சனம் அதை ஏற்கவில்லை.

"சார், காபி வரலாறு எழுதினா சாணிப்பாலுக்கும் ரெண்டு பக்கம் விடுங்க" என்றேன். டபராவை வைத்துவிட்டு கவுண்டருக்குப் போய்விட்டார்.