பனடோல் போதாது

"தலையிடி, தூக்கமில்லை" என்று தோட்ட டிஸ்பென்சரிக்குப் போனால் பனடோலோடு திரும்புகிறோம். உள்ளே புழுங்குவதை யாரும் கேட்பதில்லை. கலஹாவிலிருந்து கண்டி பெரியாஸ்பத்திரிக்குப் போனாலோ அன்றைய பேர் போய்விடும். 'அங்கொடை கேஸ்' என்று லயத்தில் சிரிப்பார்களே என்ற பயம் வேறு.

உளநல சேவை ஊர்மட்டத்துக்கு வரவேண்டும் என்று 2005ஆம் ஆண்டுத் தேசியக் கொள்கை சொன்னது. சாதாரண டாக்டர்மாருக்கு மூன்று மாதப் பயிற்சி கொடுத்து உளநல வைத்திய அதிகாரிகளாக அனுப்புகிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் நாம் முதலில் போய் நிற்பது தோட்ட வைத்திய உதவியாளரிடமும் மிட்வைஃப் அம்மாவிடமும். அவர்களுக்கும் பயிற்சி வேண்டும், அதுவும் தமிழில். அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு இதையும் மேசையில் வைக்கக் கேட்கிறோம்.

அதுவரை மனம் தாங்காதவர்கள் 1926க்கு அழையுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம்.