முழங்கால் வலிக்கு ஸ்கேன் சாட்சி எதற்கு?

சென்ற மாதக் கிளைக் கூட்டத்துக்கு ஒரு தாய் பெரிய கடித உறையொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே எம்.ஆர்.ஐ. ஸ்கேன் படங்கள். அவருக்கு வயது 54. முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். சரிவான மலையில் இனி நிற்க முடியவில்லை, தவறணையிலாவது வேலை போடுங்கள் என்று கேட்டிருக்கிறார். "ஸ்கேன் எடுத்துக்கொண்டு வா, பார்க்கலாம்" என்றது நிர்வாகம். காதுத் தோட்டை அடகு வைத்து, கண்டிக்கு பஸ் ஏறி, தனியாரிடம் காசு கட்டி எடுத்து வந்தார். படத்தைப் பார்த்துவிட்டு நிர்வாகம் சொன்ன பதில்: "இந்த வயதில் எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்."

அந்தப் பதில் பொய்யில்லை. நமக்குக் கோபம் வருவதே அதனால்தான்.

அமெரிக்காவில் பிரமிங்ஹாம் என்ற ஊரில் 50 வயதைத் தாண்டிய 710 பேரின் முழங்கால்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்வு இல்லை என்று வந்தவர்கள்தான் எல்லாரும். அப்படியிருந்தும் நூற்றுக்கு 89 பேரின் ஸ்கேனில் ஏதோ ஒரு பழுது தெரிந்தது. வலி உள்ளவர்களிலும் தெரிந்தது, வலியே இல்லாதவர்களிலும் ஏறக்குறைய அதே அளவு தெரிந்தது. 2012இல் வெளிவந்த ஆய்வு இது. அப்படியானால் இந்த வயதில் ஒருவருக்கு வலி இருக்கிறதா, மலை ஏற முடியுமா என்பதை ஸ்கேன் படம் தீர்மானிக்காது. எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்தவர்கள், அந்த அம்மாவிடம் அதை ஏன் எடுத்துவரச் சொன்னார்கள்?

பிரித்தானியாவில் வைத்தியர்களுக்கு வழிகாட்டும் நைஸ் என்ற அரச நிறுவனம் இதைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. 45 வயதைத் தாண்டியவருக்கு நடக்கும்போதும் வேலை செய்யும்போதும் மூட்டு வலிக்கிறது, காலை எழும்பியதும் விறைப்பு இல்லை, இருந்தாலும் அரை மணித்தியாலத்துக்கு மேல் நீடிப்பதில்லை என்றால் அது மூட்டுத் தேய்வுதான். படம் எடுக்காமலே வைத்தியர் அதைச் சொல்லலாம். கேட்டுப் பார்க்க வாயும் தொட்டுப் பார்க்கக் கையும் போதும். படம் வேண்டுமென்று வைத்தியர் நினைத்தால் முதலில் எக்ஸ்ரே இருக்கிறது. அதையும் படுக்க வைத்து எடுக்காமல், நிற்க வைத்து எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். உடம்பின் பாரம் இறங்கும்போதுதான் எலும்புகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி மிச்சம் என்று தெரியும்.

எம்.ஆர்.ஐ. வேண்டாத இயந்திரம் என்று நாம் சொல்லவில்லை. பாடசாலையில் கசியிழையம் என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோமே, எலும்பு முனையை மூடியிருக்கும் அந்த வழுக்கலான பகுதி எக்ஸ்ரேயில் விழாது. எம்.ஆர்.ஐ.யில் விழும். பெரிய காந்தம் ஒன்று நம் உடம்பின் தண்ணீரில் உள்ள ஐதரசனைக் கொண்டு படம் வரைகிறது. எக்ஸ்ரேயைப் போலக் கதிர் பாய்ச்சுவதில்லை. (உள்ளே போகுமுன் தாலி, மூக்குத்தி, மெட்டி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். தாலியைக் கழற்ற மாட்டேன் என்று திரும்பி வந்தவர்களும் நம்மிடையே உண்டு. காந்தத்துக்குள் உலோகம் ஆபத்தாகலாம் என்பதால் சொல்கிறார்கள், வேறொன்றுமில்லை.)

இந்த இயந்திரம் உண்மையில் உதவக்கூடிய ஒரு கூட்டம் நமக்குள் இருக்கிறது. அவர்களைத்தான் யாரும் அனுப்புவதில்லை. முப்பது, நாற்பது வயதுப் பெண்கள். இரண்டு கை விரல் மூட்டும் மணிக்கட்டும் வீங்கி, காலையில் ஒரு மணித்தியாலம் போனாலும் விரல் மடங்காது. கொழுந்து கிள்ள முடியாமல் நிறை குறைந்து அரைப் பேர் விழும். சோம்பேறி என்று பெயரும் கிடைக்கும். அது முடக்குவாதமாக இருக்கலாம். உடம்பே தன் மூட்டைத் தாக்கும் நோய் அது. முதலில் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அதிலும் சந்தேகம் தீரவில்லை என்றால், எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பு தெரிய வருமுன்பே எலும்புக்குள் உள்ள நீர்க்கோப்பையும் மூட்டுச் சவ்வின் வீக்கத்தையும் எம்.ஆர்.ஐ. காட்டிவிடும். அந்த நேரத்தில் சரியான மருந்தைத் தொடங்கினால் விரல் கோணாமல் காப்பாற்றலாம். இவர்களுக்குத் தோட்டத்து டிஸ்பென்சரியில் கிடைப்பது வலி மாத்திரைதான். வருடக்கணக்கில் அதை விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும்.

தேவையில்லாதவரிடம் ஸ்கேன் கேட்கிறார்கள், தேவையானவருக்கு மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். இதற்குப் பெயர் வைத்தியம் இல்லை. வேலை மாற்றம் கேட்டவர் செலவைக் கேட்டுப் பயந்து வாயை மூடிக்கொள்வதற்கான வழி.

நமது பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். "ஸ்கேன் இருந்தால் பேச லேசு" என்று நம் தலைவர்மார் சிலரே சொல்லியிருக்கிறோம். அந்த அம்மா தோட்டை அடகு வைத்ததில் நமக்கும் பங்கு உண்டு. இனி எந்தக் கிளையும் அப்படிச் சொல்லக் கூடாது.

நிர்வாகத்திடம் நாம் வைப்பது இதுதான். அரசாங்க வைத்தியர் மூட்டுத் தேய்வு என்று துண்டு எழுதினால் அதுவே போதும், சரிவு மலையிலிருந்து மாற்ற வேண்டும். அதற்கு மேல் படம் வேண்டுமென்றால் கேட்கிறவரே காசு கட்ட வேண்டும், போய்வரும் நாளுக்கு முழுப் பேர் போட வேண்டும். கை வீங்கிய பெண்களை ஆறு வாரத்துக்கு மேல் டிஸ்பென்சரியில் வைத்திருக்காமல் பெரிய வைத்தியசாலைக் கிளினிக்குக்கு அனுப்ப வேண்டும். அங்கே வைத்தியர் எம்.ஆர்.ஐ. எழுதினால் அரசாங்க வைத்தியசாலையிலேயே திகதி எடுக்கக் கிளைச் செயலாளர் கூடப் போவார்.

அடகுச் சீட்டு இன்னும் அந்த அம்மாவின் முந்தானையில்தான் இருக்கிறது. ஸ்கேன் கேட்டு அனுப்பப்பட்டவர்கள் வேறு யாரும் இருந்தால், காசு கட்டிய பற்றுச்சீட்டை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்து, அந்தப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி ஒரே கடிதமாக நிர்வாகத்துக்கு அனுப்பப் போகிறோம்.